ஃபோல்டரை மறக்கும் புரோகிராம்: வாசகர் கேள்வி – பதில்

வயர் இழுத்தும் பிளாக் கோத்தும் புரோகிராம் செய்கிறவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான். ஃபைலைத் திறக்கவும் சேமிக்கவும் வருகிற டயலாக் பெட்டி, போய் நிற்கவேண்டிய ஃபோல்டரில் நிற்பதில்லை. பதினேழு வருடமாக லேப்வியூவில் (பெட்டிகளை வயரால் இணைத்துப் புரோகிராம் செய்கிற மென்பொருள்) சோதனைக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதிவருகிறேன். இது சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: லேப்வியூவில் ஒரு புரோகிராம் செய்திருக்கிறேன். அளவீட்டு ஃபைலைத் திறக்க ஒரு டயலாக், ரிப்போர்ட்டைச் சேமிக்க இன்னொன்று. திறக்கப் போனால் ரிப்போர்ட் ஃபோல்டர் வந்து நிற்கிறது. சேமிக்கப் போனால் அளவீட்டு ஃபோல்டர் நிற்கிறது. இதற்கு ஞாபகசக்தியே கிடையாதா?

இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு ஞாபகம். அதையே எல்லா டயலாக்குக்கும் கொடுக்கிறது.

லேப்வியூவில் ஒவ்வொரு புரோகிராம் துண்டுக்கும் விஐ என்று பெயர். டயலாக்கைக் கொண்டுவருகிற ஃபைல் டயலாக் எக்ஸ்பிரஸ் விஐ-யில் 'ஸ்டார்ட் பாத்' என்று ஒரு முனை இருக்கும். அதில் வயர் சேர்க்காமல் விட்டால், கடைசியாக எந்த டயலாக்கில் எந்த ஃபோல்டரைப் பார்த்தீர்களோ அதையே மறுபடி காட்டும். அந்தக் கடைசி டயலாக் திறப்பதற்காக வந்ததா, சேமிப்பதற்காக வந்ததா என்று பார்க்காது. திறப்பது மட்டுமே வேலை என்றால் இது போதும். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிற புரோகிராமில், எடுப்பதும் வைப்பதும் மாறி மாறி நடப்பதால், ஒவ்வொரு தடவையும் தப்பான ஃபோல்டர்தான் வரும்.

நான் எழுதிய ஒரு புரோகிராமிலும் இப்படித்தான் இருந்தது. அதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிற டெக்னீஷியன் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தேன். அளவீட்டைத் திறந்தார், கிராஃப் வந்தது, சேவ் அழுத்தினார். டயலாக் அளவீட்டு ஃபோல்டரில் நின்றது. மேலே ஒரு படி, மறுபடி மேலே ஒரு படி, 'ரிப்போர்ட்', அதற்குள் வருடம், அதற்குள் மாதம். ஐந்து கிளிக். அடுத்த சாம்பிளைத் திறக்கத் திரும்பி வர இன்னும் ஐந்து. ஒரு நாளைக்கு 40 சாம்பிள் என்றால் 400 கிளிக். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் என்று பழகிப்போயிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்த 400 கிளிக்கும் நான் ஒரு வயர் போடாமல் விட்டதால் வந்தவை.

கிளிக்கோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே புரோகிராம் ஒவ்வொரு சாம்பிள் தொகுதி தொடங்கும்போதும் சென்சாரின் காலிபரேஷன் (அளவுத் திருத்தம்) ஃபைலைத் திறக்கச் சொல்லும். ஒரு நாள் மதியம் காலிபரேஷனைத் திறந்த கையோடு ஒரு முடிவைச் சேமிக்கப் போனார். டயலாக் காலிபரேஷன் ஃபோல்டரிலேயே நின்றது. சென்சாரின் பெயரை அடித்து என்டர் தட்டினார். அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல். மாற்றி எழுதட்டுமா என்று கேட்டது, ஆமாம் என்றார். ரிப்போர்ட்டைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் வருகிற கேள்விதானே அது. அந்த சென்சாரை மறுபடி காலிபரேட் செய்ய ஒன்றரை நாள் ஆனது. பழி அவர்மேல் விழப் பார்த்தது. புரோகிராம் என்னுடையது, தப்பும் என்னுடையது என்று போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: எத்தனை வேலையோ அத்தனை ஞாபகம். அளவீட்டுக்கு ஒன்று, காலிபரேஷனுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று.

செய்வது இப்படி. டயலாக்கை நேராக மெயின் டயகிராமில் போடாமல் ஒரு சப்-விஐ-க்குள் (மெயின் புரோகிராம் அழைக்கிற சின்ன விஐ) வையுங்கள். உள்ளே ஒரே ஒரு தடவை சுற்றும் வைல் லூப், அதாவது நிற்கும் நிபந்தனையில் 'ட்ரூ' வயர் செய்யப்பட்ட லூப். அதன் ஓரத்தில் ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டர், அதாவது ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகிற இடம். அதன் இடது முனைக்கு வெளியிலிருந்து எந்த ஆரம்ப மதிப்பும் கொடுக்காதீர்கள். அப்படி விட்டால், அந்த விஐ மெமரியில் இருக்கும்வரை போன தடவை போட்ட மதிப்பு அதிலேயே தங்கியிருக்கும். இடது முனையிலிருந்து வருகிற பாதையை 'ஸ்டார்ட் பாத்'துக்கு இழுங்கள். டயலாக் தருகிற பாதையை 'ஸ்ட்ரிப் பாத்' வழியாக விட்டால் ஃபைல் பெயர் தனியாகவும் ஃபோல்டர் தனியாகவும் பிரியும். ஃபோல்டரை வலது முனையில் சேருங்கள். முதல் தடவை ரிஜிஸ்டரில் வெற்றுப் பாதைதான் இருக்கும். அதனால் வெறுமையா என்று ஒரு சோதனை வைத்து, வெறுமையாக இருந்தால் நீங்கள் விரும்பும் ஃபோல்டரைக் கொடுங்கள்.

இனி இதை எப்படி மூன்று ஞாபகமாக்குவது? அந்த சப்-விஐ-யின் எக்ஸிக்யூஷன் அமைப்பில் ரீஎன்ட்ரன்ட் (ஒரே விஐ பல பிரதிகளாக ஓடுவது) என்பதைத் தேர்ந்தெடுத்து, அதிலும் 'பிரீஅலொகேட்டட் குளோன்' (முன்கூட்டியே ஒதுக்கிய பிரதி) வகையை எடுங்கள். இப்போது டயகிராமில் அதை எத்தனை இடத்தில் போடுகிறீர்களோ, அத்தனை இடத்துக்கும் தனித்தனி ஷிஃப்ட் ரிஜிஸ்டர். ஒரே சப்-விஐ, மூன்று இடம், மூன்று ஞாபகம், ஒன்றோடொன்று கலக்காது. 'ஷேர்டு குளோன்' வகையை மட்டும் எடுக்காதீர்கள். அதில் எந்தக் குளோன் எந்த அழைப்புக்குப் போகும் என்பது நிச்சயமில்லை. இன்றைக்குச் சரியாக ஓடி நாளைக்கு வேறொருவர் முன்னால் குழப்பும்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறேன். ஆனால் யாராவது டயலாக்கில் கேன்சல் அழுத்திவிட்டால், அடுத்த தடவை எங்கேயோ போய் நிற்கிறது. கூடவே 43 என்று ஒரு எரர் வருகிறது.

43 என்பது பழுது இல்லை. பயன்படுத்துகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். எரர் வயரை நேராக ஜெனரல் எரர் ஹேண்ட்லருக்குக் கொண்டுபோனால், கேன்சல் அழுத்திய மனிதருக்கு முன்னால் ஒரு பயமுறுத்தும் பெட்டி எழும்பும். அந்த ஒரு எண்ணை மட்டும் அங்கேயே வடிகட்டிவிடுங்கள்.

ஃபோல்டர் தொலைவது வேறு காரணம். கேன்சல் ஆனபோது உருப்படியான பாதை எதுவும் வருவதில்லை. நீங்கள் அதையும் ஸ்ட்ரிப் செய்து ரிஜிஸ்டரில் போட்டுவிடுகிறீர்கள், பழைய நல்ல பாதை அழிந்துபோகிறது. டயலாக்கில் 'கேன்சல்டு' என்று ஒரு பூலியன் வெளிமுனை உண்டு. அதை ஒரு செலக்ட் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். ட்ரூ வந்தால் பழைய ஃபோல்டர் அப்படியே திரும்பிப் போகட்டும், ஃபால்ஸ் வந்தால் புதியது.

நான் இதற்கும் ஒரு படி மேலே போவேன். ஓகே அழுத்தியதும் ஞாபகத்தில் எழுதாமல், ஃபைல் உண்மையில் திறந்த பிறகு, அல்லது எழுதி முடிந்த பிறகு எழுதுவேன். தப்பான ஃபோல்டருக்குப் போய் தப்பான ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அது படிக்க முடியாமல் போனால், அந்த இடத்தை ஞாபகம் வைத்து யாருக்கு என்ன பயன்?

கேள்வி: ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வைத்தேன், நன்றாக இருக்கிறது. புரோகிராமை மூடித் திறந்தால் எல்லாம் போய்விடுகிறது. எக்ஸிகியூட்டபிளாக (தனியாக ஓடுகிற புரோகிராமாக) பில்டு செய்து வேறு மெஷினில் போட்டால் இன்னும் மோசம்.

மெமரியில் இருப்பது மெமரியோடு போய்விடும். மறுநாளும் வேண்டும் என்றால் டிஸ்க்கில் எழுதத்தான் வேண்டும். லேப்வியூவிலேயே கான்ஃபிகரேஷன் ஃபைல் விஐ-கள் இருக்கின்றன. அவை ஐஎன்ஐ வகை ஃபைலில், அதாவது செட்டிங்ஸைப் பெயரும் மதிப்புமாக வைக்கிற டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும். ஒரு செக்‌ஷன், அதற்குள் அளவீடு, காலிபரேஷன், ரிப்போர்ட் என்று மூன்று கீ. தொடங்கும்போது படியுங்கள், மாறும்போது எழுதுங்கள். மூடும்போது மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். மின்சாரம் போனாலும் புரோகிராம் பாதியில் செத்தாலும் அன்றைய ஞாபகம் முழுக்கப் போய்விடும்.

அந்த ஐஎன்ஐ ஃபைலை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். எக்ஸிகியூட்டபிள் பக்கத்திலேயே வைப்பது டெவலப் செய்கிற மெஷினில் ஒழுங்காக வேலை செய்யும். இன்ஸ்டால் செய்த மெஷினில் அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும், சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. 'கெட் சிஸ்டம் டைரக்டரி' விஐ-யைப் போட்டு, யூசரின் அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டரைக் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஆள் தனி ஞாபகமும் அதிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று. 'கரன்ட் விஐ'ஸ் பாத்' என்ற ஃபங்ஷனை வைத்து இரண்டு படி மேலே போ, மூன்று படி மேலே போ என்று ஃபோல்டர் கண்டுபிடித்திருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். பில்டு செய்தபின் விஐ எக்ஸிகியூட்டபிளுக்குள் போய்விடுகிறது. பாதையின் ஆழம் மாறிவிடும், உங்கள் படிக்கணக்கும் தப்பிவிடும். 'அப்ளிகேஷன் டைரக்டரி' அந்த வேலைக்கென்றே இருக்கிறது.

படித்த பாதை இப்போது இல்லாமல் போயிருந்தால்? போன வாரம் பென் டிரைவில் சேமித்தார், இன்று பென் டிரைவ் இல்லை. லேப்வியூ இதில் நல்லபடியாக நடந்துகொள்கிறது. 'ஸ்டார்ட் பாத்'தில் கொடுத்த ஃபோல்டர் இல்லை என்றால், கடைசியிலிருந்து ஒவ்வொரு பெயராக வெட்டிக்கொண்டே மேலே வந்து, இருக்கிற ஃபோல்டரில் நிற்கும். மாத ஃபோல்டர் போனால் வருட ஃபோல்டர். டிரைவே போய்விட்டால்தான் ஒன்றுமில்லாமல் ஆகும், அதற்கு உங்கள் விருப்ப ஃபோல்டர் கைகொடுக்கும்.

கேள்வி: பியூர் டேட்டாவில் (ஒலிக்கான வயர் புரோகிராமிங் மென்பொருள்) சவுண்ட் ஃபைல்களை எடுத்து வாசிக்கிற பேட்ச் (அங்கே புரோகிராமுக்கு அதுதான் பெயர்) செய்கிறேன். ஃபைல் திறக்கிற டயலாக்கான ஓப்பன்பேனல் ஒவ்வொரு தடவையும் நான் விரும்பும் ஃபோல்டரிலிருந்து தொடங்க என்ன வழி? சேமிக்கிற டயலாக்கான சேவ்பேனலில் பெயர் கொடுத்தாலும் ஃபைல் உருவாகவே மாட்டேன் என்கிறது.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். சேவ்பேனல் எதையும் எழுதாது. நீங்கள் தேர்ந்தெடுத்த பாதையை ஒரு சிம்பலாக (சொல் வடிவ மதிப்பு) வெளியே தரும், அங்கேயே அதன் வேலை முடிந்தது. அந்த சிம்பலை மெசேஜில் சேர்த்து ஒலியை ஃபைலில் எழுதுகிற சவுண்ட்ஃபைலருக்கோ ரைட்எஸ்எஃப்-க்கோ கொடுத்தால்தான் ஃபைல் பிறக்கும்.

ஓப்பன்பேனலுக்கு பேங் ('இப்போது செய்' என்கிற மெசேஜ்) அனுப்பினால் சும்மா திறக்கும். ஒரு ஃபோல்டரின் பாதையை சிம்பலாக அனுப்பினால் அந்த ஃபோல்டரிலிருந்து திறக்கும். ஆகவே பட்டனுக்கும் ஓப்பன்பேனலுக்கும் நடுவில் ஒரு சிம்பல் பெட்டியை வைத்து, பேங் அதற்குள் போகட்டும், உள்ளே இருக்கிற பாதை ஓப்பன்பேனலுக்குப் போகட்டும். வெளியே வருகிற பாதையிலிருந்து ஃபோல்டரைப் பிரித்து, அதே சிம்பல் பெட்டியின் வலது இன்லெட்டில் (உள்முனை) போடுங்கள். இடது இன்லெட்டில் போட்டால் உடனே வெளியே தள்ளி டயலாக்கை மறுபடி திறக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். வலது இன்லெட் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். நான் பியூர் டேட்டா கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் இந்த இடது வலது வித்தியாசம்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது.

பேட்சை மூடினால் இதுவும் போய்விடும். ஒரு டெக்ஸ்ட் ஆப்ஜெக்டில் வைத்து ஃபைலாக எழுதி, பேட்ச் திறந்ததும் லோட்பேங் வரும்போது படித்துக்கொள்ளுங்கள். வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால் பேட்ச் இருக்கிற ஃபோல்டரிலேயே எழுதும். சவுண்ட் ஃபைல்களையும் பேட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஃபோல்டரில் வைத்தீர்கள் என்றால், மொத்தத்தையும் தூக்கி வேறு மெஷினுக்குக் கொண்டுபோகலாம். 3டி மென்பொருளான பிளெண்டரின் நோடுகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும். அங்கே // என்று தொடங்கும் பாதை, பிளெண்ட் ஃபைல் இருக்கிற இடத்திலிருந்து எண்ணப்படுகிறது.

கேள்வி: பிரவுசரில் ஓடுகிற பிளாக் எடிட்டர் ஒன்றை மாணவர்களுக்காக உருவாக்குகிறேன். ஃபைல் எங்கிருந்து வந்தது என்று பாதையை வாங்கி ஞாபகம் வைக்கலாம் என்றால், எந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்தாலும் சி டிரைவில் 'ஃபேக்பாத்' என்ற ஃபோல்டரைக் காட்டுகிறது. அப்படி ஒரு ஃபோல்டரே என் மெஷினில் இல்லை!

யார் மெஷினிலும் இல்லை, தேடாதீர்கள். பிரவுசர் வேண்டுமென்றே போடுகிற பொய்ப் பெயர் அது. உங்கள் ஃபோல்டர் பெயர்களில் உங்கள் லாகின் பெயர் இருக்கும், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பது இருக்கும். போகிற வருகிற வெப் பக்கமெல்லாம் அதைப் படிக்கக் கூடாது. நிஜப் பாதை உங்கள் கைக்கு வரவே வராது. அதை எதிர்பார்த்து எழுதிய குறியீட்டை எல்லாம் கழித்துவிடுங்கள்.

ஆனால் ஞாபகம் வைக்கிற வேலையைப் பிரவுசரிடமே ஒப்படைக்கலாம். குரோம் வகைப் பிரவுசர்களில் 'ஷோஓப்பன்ஃபைல்பிக்கர்', 'ஷோசேவ்ஃபைல்பிக்கர்' என்று இரண்டு அழைப்புகள் உண்டு. இரண்டிலும் 'ஐடி' என்று ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. புராஜெக்ட்டுக்கு ஒரு ஐடி, படங்களுக்கு ஒரு ஐடி, ஒலிகளுக்கு ஒரு ஐடி கொடுங்கள். ஒவ்வொரு ஐடிக்கும் கடைசி ஃபோல்டரைப் பிரவுசர் தனியாக நினைவில் வைத்து அங்கேயே திறக்கும். ஃபோல்டர் எது என்று உங்களுக்குச் சொல்லாது, மாணவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். முதல் தடவைக்கு 'ஸ்டார்ட்இன்' என்பதில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டவுன்லோட்ஸ் போன்ற ஒன்றைக் குறிப்பிடலாம். நான் லேப்வியூவில் மூன்று ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வைத்துச் செய்ததை இங்கே ஒரு சொல்லில் செய்துவிடலாம். இதை வடிவமைத்தவர்கள் யாரோ, பயன்படுத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் இந்த இரண்டு அழைப்புகளும் இல்லை. அங்கே சாதாரண ஃபைல் தேர்வும் டவுன்லோடும்தான். இரண்டு வழியையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: விஷுவல் பேசிக்கில் ஃபார்ம் போட்டு எழுதுகிறேன். ஓப்பன் டயலாக் ஒரு தடவை வந்து போனபின், அதுவரை ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த செட்டிங்ஸ் ஃபைல் காணவில்லை என்கிறது.

செட்டிங்ஸ் ஃபைலை வெறும் பெயரால் கூப்பிடுகிறீர்கள். வெறும் பெயர் என்றால் 'நடப்பு ஃபோல்டரில் தேடு' என்று பொருள். டயலாக்கில் நீங்கள் வேறு ஃபோல்டருக்குப் போனபோது, நடப்பு ஃபோல்டரே அங்கே மாறிவிட்டது. 'ரிஸ்டோர்டைரக்டரி' என்ற பிராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கினால், டயலாக் மூடியதும் பழைய இடத்துக்கு வரும். அதோடு செட்டிங்ஸ் ஃபைலை முழுப் பாதையோடு கூப்பிடுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு. புதிய டாட்நெட் பதிப்புகளில் 'கிளையன்ட்கைட்' என்றும் ஒரு பிராப்பர்ட்டி வந்திருக்கிறது. டயலாக்குக்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்தால், விண்டோஸ் அந்த எண்ணுக்கென்று தனியாகக் கடைசி ஃபோல்டரை நினைவில் வைக்கும். திறக்க ஒரு எண், சேமிக்க ஒரு எண்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரே மெஷினில், ஒரே லாகினில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். ஒருவர் விட்ட ஃபோல்டரில் அடுத்தவருடைய சேவ் போய் நிற்கிறது. ஞாபகமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

உங்கள் நிலைமையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். முதல் வழி, ஆளுக்கொரு லாகின். அது நடக்காது என்றால் புரோகிராம் தொடங்கும்போது யார் என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐஎன்ஐ ஃபைலில் ஆளுக்கொரு செக்‌ஷன் போதும். திறக்கிற டயலாக் தப்பான இடத்தில் நின்றால் நேரம்தான் போகும். சேமிக்கிற டயலாக் அடுத்தவர் ஃபோல்டரில் நின்றால் அவருடைய ஃபைல் போகும். ஆகவே எட்டுப் பேருக்கும் பட்டியல் வைக்க இப்போது நேரமில்லை என்றால், சேமிப்பதற்கு மட்டுமாவது ஞாபகத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு பொது ஃபோல்டரில் தொடங்கட்டும். அதோடு டீஃபால்ட் பெயரில் தேதியையும் நேரத்தையும் விநாடி வரை சேர்த்துவிடுங்கள், ஒரே பெயர் இரண்டு தடவை வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் புரோகிராம் மறந்தாலும் விண்டோஸ் மறப்பதில்லை. டயலாக்கில் யார் எங்கே போனார்கள் என்பதை அந்த லாகினின் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கிற இடம்) 'காம்டிஎல்ஜி32' என்ற கிளையில் எழுதிவைக்கிறது. எட்டுப் பேருக்கும் லாகின் ஒன்றுதான் என்றால் அந்தக் கிளையும் ஒன்றுதான். வயர் சேர்க்காத ஒரு டயலாக் கூட உங்கள் டயகிராமில் மிச்சம் இருக்கக் கூடாது. இன்றைக்கே ஃபைண்ட் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.